பூஜ்யத்துக்காரர்கள்

இன்று காலை கைபேசியின் சார்ஜர் சூடாகி ஒரு வாசனை கிளம்பியது. கருகல் இல்லை. சூடேறிய பிளாஸ்டிக்கும் அதன்மேல் படிந்த தூசியும் சேர்ந்து வரும் வாசனை. வேறு யாராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். நான் கிட்டே போய் இன்னொரு முறை மூச்சை இழுத்துக்கொண்டேன். விழுப்புரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த உன் வீட்டு முன்னறையும், டிவிக்கு எதிரே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த நீயும், உன் மடிமேல் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியும் ஒரே நொடியில் வந்துவிட்டீர்கள். அந்தக் கம்ப்யூட்டரின் அடாப்டர் ஒரு மணி நேரத்தில் இப்படித்தான் சூடாகும். இதே வாசனைதான் அடிக்கும்.

நீ கண்ணை மூடி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளும் உனக்கு எழுதத் தோன்றியதில்லை. நமக்குள் கடிதப் பழக்கமே கிடையாது. எல்லாம் போன் கம்பி வழியாகத்தான். ஆனால் இன்றைக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

உன் முகத்துக்கு முன்னால் உன் குரல்தான் எனக்குப் பழக்கம். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள்தான் இணைத்துக் கொடுப்போம். நீ விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ரத்தப் பரிசோதனை செய்பவள். ஒரு பகலில் உன்னிடமிருந்து அர்ஜெண்ட் கால். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் எண்ணைக் கேட்டாய். அங்கே ஓர் ஆசிரியருக்கு பி நெகட்டிவ் ரத்தமாம். இணைத்தேன். அவர் லீவு என்றார்கள். நீ போனை வைக்கவில்லை.

"மேடம், உங்க ஊர்ல வேற யாருக்குனா இந்த குரூப்பு இருக்குதாங்க?" என்று என்னையே கேட்டாய்.

ஆபரேட்டரிடம் எண் கேட்பார்கள், மணி கேட்பார்கள், கோபம் வந்தால் திட்டுவார்கள். ரத்தம் கேட்டவள் நீ ஒருத்திதான்.

"எனக்கு இருக்கறது பி பாசிட்டிவ்ங்க" என்றேன்.

"பரவால்லைங்க. பேரு சொல்லுங்க, எழுதி வச்சிக்கறேன். இன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாளைக்கு ஆவும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து உன்னைப் பார்க்க வந்துவிட்டேன். குரலை வைத்து உயரமான, ஒல்லியான ஒருத்தியை நினைத்து வைத்திருந்தேன். நீ என் தோள் உயரம்கூட இல்லை. நீயும் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "போன்ல நீ இன்னும் கொஞ்சம் செகப்பா இருந்தடீ" என்றாய். அந்த ஒரு வாக்கியத்தில் நமக்குள் இருந்த 'மேடம்', 'ங்க' எல்லாம் போயின.

நீ எழுதி வைத்திருந்த அந்த நோட்டுதான் பின்னால் கம்ப்யூட்டருக்குள் போனது.

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த உன் தம்பி அதைக் கொண்டுவந்தான். அளவில் ஒரு நோட்டுப் புத்தகம்தான் இருக்கும். அழிரப்பர் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்ததுபோல் சாவிகள். அதற்கென்று திரை கிடையாது, டிவியில் செருக வேண்டும். கரண்டை நிறுத்தினால் கொடுத்ததெல்லாம் மறந்துவிடும். அதனால் எதையும் கேசட்டில் பதிந்து வைத்து, வேண்டும்போது டேப் ரிக்கார்டரில் ஓட்டி அதற்கு ஊட்ட வேண்டும். அப்படி ஊட்டும் ஐந்து நிமிடமும் அது கீச்சென்று கத்தும்.

"சேசுவே, இன்னாடி இது, பன்னிய கட்டி இழுக்கற மாரி கத்துது" என்பார் உன் அம்மா. வெள்ளிக்கிழமை டிவியில் சினிமாப் பாட்டு போடும் நேரத்தில் நீ ஒயரை மாற்றிச் செருகினால் அவருக்கு வரும் கோபம் இருக்கிறதே, அதற்கு அந்தக் கேசட் சத்தம் எவ்வளவோ மேல்.

உன் தம்பி ஒரு மாதம் அதில் விளையாடிவிட்டுப் போய்விட்டான். பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நீ எடுத்துக்கொண்டாய். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்தாய். சிறுநீரும் ரத்தமும் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, பாயை விரித்து உட்கார்ந்து, வரி வரியாக எழுதிப் பார்த்தாய். ஒரு ஞாயிறு மதியம் நான் வந்தபோது திரையில் என் பெயரும் பி பாசிட்டிவ் என்பதும் ஆங்கிலத்தில் நின்றன. ஒரு பெட்டிக்குள் என் பெயரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. திரும்பத் திரும்ப அழித்து வரவழைக்கச் சொன்னேன்.

ஒரு யோசனை மட்டும் என்னுடையது. அதில் எனக்கு இன்றும் பெருமை. "ஆளு எந்த ஊருன்னு தெரிஞ்சா போதாதுடீ, அந்த ஊர்ல போன் எங்க இருக்குதுன்னு தெரியணும்" என்றேன். அப்போது யார் வீட்டில் போன் இருந்தது? ஊருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அது அரிசி மில்லில் இருக்கும், அல்லது தபாலாபீசில். எந்த ஊரில் எங்கே போன் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். அன்று முதல் உன் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு போன் எண் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்துக் குப்பிகள், பையில் வெள்ளைப் பீங்கான் தட்டு, ஊசிகள். கோலியனூர், திருவெண்ணெய்நல்லூர், மண்டகப்பட்டு என்று பஸ் போகும் பக்கமெல்லாம் போனோம். பூசை முடிந்து வருகிறவர்கள், கரும்பு ஏற்றிக்கொண்டிருப்பவர்கள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் என்று யாரையும் நீ விட்டதில்லை. விரல் நுனியில் ஒரு குத்து, தட்டில் ஒரு சொட்டு. குரூப் என்னவென்று சொல்லிவிடுவாய்.

மயிலம் போகும் சாலையில் ஓர் ஊரில் தனகோட்டி என்ற விவசாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை மறந்திருக்க மாட்டாய்.

"எங்க ரத்தத்த எடுத்துக்கினு போய் இன்னாமா பண்ணுவீங்க?"

"எடுத்துக்கினுலாம் போகலைங்க. ஒரு சொட்டுதான். உங்க ரத்தம் இன்னா வகைன்னு பாக்கறோம்."

"அது செகப்புதான். இதுக்கு எதுக்கு ஊசி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் உன் விரலிலேயே ஊசியைக் குத்தி, தட்டில் உன் சொட்டை வைத்து, "உங்க சொட்டும் இதே செகப்பான்னு பக்கத்துல வச்சி நீங்களே பாருங்க" என்றாய். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. அவருக்கு ஓ நெகட்டிவ். நூற்றில் ஓரிருவருக்கே அமையும் ரத்தம் என்று நீ சொன்னதும் மனிதர் நிமிர்ந்து நின்றார். கிளம்பும்போது நமக்கு ஒரு துணிப்பை நிறைய மல்லாட்டைக் கடலை கிடைத்தது.

அவர் பெயரைப் பதிய உட்கார்ந்த நாளில்தான் 'ஓ' எழுத்தின் சாவி வேலை செய்ய மறுத்தது. எத்தனை அழுத்தினாலும் திரையில் எழுத்து விழவில்லை. நீ ஐந்து நிமிடம் யோசித்தாய். பிறகு மேல்வரிசையில் இருந்த பூஜ்யத்தைத் தட்டினாய்.

"ரெண்டும் வட்டம்தான?" என்றாய்.

சாவியைச் சரிசெய்ய ஆள் கிடைக்கும்வரை அப்படியே ஓடியது. ஊர்ப் பெயர்களில்கூட பூஜ்யம். கோலியனூரின் நடுவில் ஒரு எண் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பு. அந்த மாதங்களில் சேர்ந்த ஓ வகைக்காரர்களுக்கு 'பூஜ்யத்துக்காரங்க' என்று பெயர் வைத்தாய். தனகோட்டி நம் முதல் பூஜ்யத்துக்காரர். அப்புறம் திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ரேடியோ மெக்கானிக், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை நகம் அளவு வெட்டி உள்ளே ஒட்டினார். சாவி உயிர் பெற்றது. பழைய பூஜ்யங்களைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். தேடும்போது இரண்டு முறை தேட வேண்டும், அவ்வளவுதானே.

அதற்குள் ஊர் உன் பெட்டிக்குச் சாவுச் செய்தி சொல்ல ஆரம்பித்துவிட்டது. முதலில் உன் தம்பியின் கடிதம். "அக்கா, அதைச் செய்த கம்பெனியே கைமாறிப் போய்விட்டது. இனி அது பிணம். தூக்கிப் போட்டுவிடு" என்று எழுதியிருந்தான். பிறகு விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. ஏசி அறை, கண்ணாடிக் கதவு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதன் முதலாளி உன் பெட்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஆறு மாசம் மேடம். அப்புறம் இது காயலான் கடைக்குத்தான். நாடா கிடைக்காது, பார்ட்ஸ் கிடைக்காது. உலகமே பிசிக்கு மாறிக்கினு இருக்குது."

உங்கள் நர்சிங் ஹோம் டாக்டரம்மாவும் அதை நம்பினார். நல்ல மனசோடுதான் செய்தார். பட்டியலை சென்டரில் கொடுத்து புதுக் கம்ப்யூட்டரில் அடித்து வைக்க ஏற்பாடு செய்தார். தம்பி கொடுத்துவிட்டுப் போயிருந்த குட்டி பிரிண்டரில் எல்லாப் பெயர்களையும் அச்சடித்து, சுருள் சுருளாகக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அதோடு விட்டிருக்கலாம். நீ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்த பெயர்களை சென்டருக்கும் கொடுத்தாய், வீட்டில் உன் பெட்டியிலும் ஏற்றினாய். ஒரே வேலையை இரண்டு முறை ஏன் செய்கிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள்.

நானும் கேட்டேன். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. "விட்டுடுடீ. ஊரே செத்துப் போச்சுன்னு சொல்லுது, நீ ஒருத்தி மட்டும் புடிச்சிக்கினு இருக்க" என்றேன்.

நீ கோபப்படவில்லை. டேப் ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "நேத்து செஞ்ச வேலைய இன்னைக்கும் செய்யுது. அப்புறம் இன்னாத்துக்கு செத்துப் போச்சுன்றாங்க?"

ஆனாலும் நீ அநியாயத்துக்குப் பிடிவாதக்காரி என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்த நாள். மல்லாட்டை பிடுங்கும் பருவம். காலை பத்தரை மணிக்கு என் இணைப்புப் போர்டில் விழுப்புரம் விளக்கு எரிந்தது. நீதான். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். சென்டரில் கேட்டார்கள். கம்ப்யூட்டர் இரண்டே பெயர் சொன்னது. ஒருவர் பெங்களூர் போயிருந்தார். இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்தவர், அவரிடம் மறுபடி எடுக்கக் கூடாது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் லைன் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டில் அனுப்பப் பார்க்கிறோம் என்றார்கள். சாயங்காலம்வரை தாங்காது என்றார் டாக்டரம்மா. காதில் மாட்டியிருந்த கருவி வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது.

நீ திடீரென்று, "ரெண்டு பேருதானா?" என்றாய். பிறகு, "பூஜ்யத்துக்காரங்க எங்கடீ போனாங்க?" என்றாய்.

சென்டரில் நடந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அவர்களுடைய கம்ப்யூட்டர் எட்டு ரத்த வகைகளைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளாது. பூஜ்யம் என்று தட்டியதும் தவறு என்று சொல்லியிருக்கிறது. அடித்தவர் தவறான பெயர்கள் என்று நினைத்து, பதினேழு பேரையும் அப்படியே விட்டுவிட்டார்.

"லைன காலியா வச்சிக்கினு இரு. வர்றேன்" என்று சொல்லிவிட்டு நீ ஓடினாய். அந்தப் பதினேழு பேரில் யார் யாருக்கு நெகட்டிவ், யார் கடைசியாக எப்போது கொடுத்தார் என்பதெல்லாம் உன் பெட்டிக்குள்தான் இருந்தது. நர்சிங் ஹோமிலிருந்து உன் வீடு இரண்டு தெரு. அடுத்த கால் மணி நேரத்தை நீ எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய். முதல் தடவை கேசட் பாதியில் நின்றதாம். சுவரில் பிளக் ஆடிக்கொண்டிருந்ததாம். உன் அம்மா ஒன்றும் கேட்காமல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சுவரோரம் குந்தி, அந்தப் பிளக்கை ஐந்து நிமிடமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாராம். பெட்டி கத்தக் கத்த அவர் "கத்து சாமி, நல்லா கத்து" என்றாராம். இதை நீ சொல்லும்போது ஒரு தடவைகூடச் சிரிக்காமல் முடித்ததில்லை.

பதினோரு மணியைத் தாண்டியபோது அந்த விளக்கு மறுபடி எரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "தனகோட்டி. அரிசி மில்லு" என்றாய். எண்ணை நீ சொல்லி முடிப்பதற்குள் நான் இணைப்பைச் செருகிவிட்டேன்.

மில் கணக்கர் எடுத்தார். "அவரு கொல்லையில மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்காருமா. மத்தியானம் பேசறீங்களா?"

"உசுரு விஷயம்ங்க. இப்பவே ஆள் அனுப்புங்க. நான் லைன வைக்க மாட்டேன்."

போர்டில் மற்ற விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. பக்கத்து நாற்காலிக்காரி என் பங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். எட்டு நிமிடம். அப்புறம் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துவிட்டுத் திருப்பும் சத்தமும், தனகோட்டியின் குரலும்.

"யாரு?"

சொன்னேன். ஒரு பெண், ஒரு பச்சைப் பிள்ளை, விழுப்புரம், உங்கள் ரத்தம்.

"அன்னிக்கு அந்தக் குள்ளப் பொண்ணு தன் வெரல்லயே குத்திக்கிச்சே, அதுவா கேக்குது?"

"ஆமாங்க. அதுதான் கேக்குது."

"இரு, சட்டைய போட்டுக்கினு வர்றேன்னு சொல்லு."

அரிசி ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போகவிருந்த மில் லாரியில், பாதி மூட்டை ஏற்றியபடியே, அவரை உட்காரவைத்து அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். முழங்கால்வரை மண். கையைக் கழுவச் சொன்னபோது, "ரத்தம் உள்ளதான இருக்குது" என்றாராம். அவர் கொடுத்த ஒரு பாட்டில் அந்தப் பெண்ணைச் சாயங்காலம்வரை பிடித்து வைத்தது. சாயங்காலம் பாண்டிச்சேரி பாட்டில் வந்தது. மறுநாள் எனக்கு வந்த முதல் கால் உன்னுடையது. ரிசீவரை யார் பக்கமோ நீட்டினாய். ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. பெண் பிள்ளை. நான் ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலிக்காரியின் காதில் வைத்தேன். எங்கள் நிலையத்தில் இருந்த நாலு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டோம்.

அடுத்த ஞாயிறு நான் வந்து, "நான்தான் விடச் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். நீ முடிக்க விடவில்லை. "நீ விடச் சொன்ன. எட்டு நிமிஷம் லைன விடாம வச்சிக்கினு இருந்தவளும் நீதான். போய் கேப்பைக் கூழ் ஊத்திக்கினு வா, பசிக்குது" என்றாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வளவுதான்.

சென்டர் முதலாளியும் வந்தார். உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஏசி இல்லாத அந்த முன்னறையில் பாயில் உட்கார்ந்து, வியர்வை வழிய, பதினேழு பேரையும் ஒருவர் விடாமல் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். போகும்போது பெட்டியைப் பார்த்தார். "இது இன்னும் எத்தினி நாளு வரும் மேடம்?" என்று கேட்டார்.

"அதையே கேட்டுச் சொல்றேங்க" என்றாய்.

பெட்டியை நீ ஒருபோதும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டதில்லை. அது செய்த குழப்பத்தால்தான் அத்தனை ஓட்டமும் என்பது உனக்குத் தெரியும். அதனாலேயே அடுத்த மாதம் உட்கார்ந்து எல்லாப் பூஜ்யத்தையும் எழுத்தாக மாற்றினாய். தம்பி அடுத்த விடுமுறையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தபோது சந்தோஷமாக வாங்கிக்கொண்டாய், அதையும் கற்றுக்கொண்டாய். ஆனால் அந்தப் பத்தாண்டு முடியும்வரை ஞாயிறு மதியங்களில் பழைய பெட்டியும் கத்தியது. அது கத்தத் தொடங்கினால் உன் அம்மா தாமாகவே போய்ப் பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு.

போன வருடம் என் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. வீட்டில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தங்கை மகன், "பெரியம்மா, இந்த வயசுல வந்தா எல்லாத்துக்கும் ரெடியாத்தான் இருக்கணும்" என்றான். பாசத்தில்தான் சொன்னான். சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வாங்க ஒரு மதியம் லேப் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கே வியப்பாக இருந்தது, பயம் வரவில்லை. யாரோ சொல்வது வேறு, தாளில் வருவது வேறு என்று உன்னோடு இருந்த வருடங்களில் என் உடம்புக்குப் பழகியிருந்தது. தாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். மணி இரண்டரை. மேசை ஓரத்தில் பிரிக்காத டிபன் பாக்ஸ். உன் லேப் மேசையிலும் அப்படி ஒன்று சாயங்காலம்வரை கிடக்கும். வெளியே காத்திருக்கும் யாராவது கேட்டால்தான் உனக்குச் சாப்பாட்டு ஞாபகமே வரும்.

எழுந்து போய்ச் சன்னலைத் தட்டினேன்.

"சாப்பிட்டியாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்லங்க ஆன்ட்டி. உங்க ரிப்போர்ட் பிரிண்ட்ல இருக்குது, அஞ்சு நிமிஷம்."

"அது வரட்டும். நீ மொதல்ல சாப்புடு."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, கதவைத் திறந்து என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸில் நாலு இட்லி. இரண்டை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே இயந்திரம் தாளைத் தள்ளும் சத்தம் கேட்டது. பயப்பட ஒன்றும் இல்லை என்று அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் இருவருமே எழுந்திருக்கவில்லை. மிளகாய்ப்பொடி நன்றாக இருந்தது.